ஆறடிக்கு மேல் ஒரு விரல்

ஹாடோ, போர்ட் பிளேர்
9-1-1973

அன்புள்ள ஜெயமணிக்கு,

உன் வீட்டுக்காரரின் அண்ணன் பாலசுப்பிரமணியம் எழுதுகிறேன். நானும் உன் ருக்கு அக்காவும் இங்கே சுகம். தம்பிக்கு எழுத வேண்டியதை உனக்கு எழுதுவது முறையில்லைதான். ஆனால் தீபாவளிக்கு முன்பிருந்து அவனுக்குப் போட்ட எந்தக் கடிதத்துக்கும் பதில் இல்லை. நிக்கோபாரின் கடைக்கோடி என்றாலும் கேம்பல் பேயிலிருந்து கப்பல் வராமலா இருக்கிறது? உங்கள் பக்கத்துச் சர்தார்ஜி ஒருவர் அபர்டீன் பஜாரில் என்னைப் பார்த்து, "ஜெகநாதன் ஹவல்தார் சாப் ஏக்தம் டீக் ஹை" என்று சொல்லிவிட்டுப் போகிறார். நன்றாக இருக்கிற மனுஷனுக்கு அண்ணனுக்கு நாலு வரி எழுதக் கை வரவில்லையா? பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவன் என்று சர்க்கார் நிலம் கொடுத்ததும் குமாஸ்தா அண்ணன் சின்னவனாகிவிட்டேனா? சின்னவன்தான். பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் யாருக்கும் தெரியும்.

விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் அலுவலகத்தில் எனக்கு எதிர் மேஜையில் பல வருஷமாக உட்கார்ந்திருக்கும் வங்காளியைப் புதிய அதிகாரிக்கு அறிமுகப்படுத்த எழுந்தேன். பேர் வரவில்லை. அந்த மனிதன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறான், எனக்கு வேர்க்கிறது. கடைசியில் அவனே சொல்லிக்கொண்டான். அன்று சாயங்காலமே டாக்டரிடம் போனேன். மெயின்லேண்டிலிருந்து புதிதாக வந்தவர், நம்மூர்ப் பக்கம்தான். எங்கள் அப்பாவைப் பற்றிச் சொன்னேன். நீ அவரைப் பார்த்ததில்லை. கடைசிக் காலத்தில் எங்கள் வீட்டு வாசலில் நின்றுகொண்டே, எங்கள் வீடு எது என்று தெருவில் போகிறவர்களைக் கேட்பார்.

டாக்டர் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு, "அப்பாவும் உங்க உயரந்தானா?" என்றார். என்னைவிடக் கொஞ்சம் குள்ளம் என்றேன். "சின்ன வயசுல சாப்பாட்டுக்குக் கஷ்டமா?" என்றார். கோவில்பட்டிப் பக்கம் மழை பொய்த்த வருஷங்களைச் சொன்னேன். அவர் யோசித்து, "வளர்ற வயசுல பட்டினி கிடந்தா எலும்பு மட்டும் குறையறதில்ல, மூளைக்குச் சேர வேண்டியதும் குறையுமோன்னு ஒரு எண்ணம் இருக்கு. அதனால உயரம் கம்மியானவங்களுக்கு முதுமையில ஞாபகம் தவறுறது கொஞ்சம் கூடுதலா இருக்கலாம். நிச்சயமான விஷயம் இல்ல. நீங்க பயப்படாதீங்க" என்றார். டாக்டர் வாயால் பயப்படாதீங்க என்று கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.

தம்பிக்கு இந்தப் பயம் கிடையாது. அவன் தாய்மாமன் வீட்டில் பாலும் தயிருமாக வளர்ந்தவன், ஆறடிக்கு மேல் ஒரு விரல். பட்டாளத்துக்கு ஆள் எடுக்க வந்தபோது இரண்டு பேரும் ஒரே வரிசையில் நின்றோம். என்னை அளக்கக்கூட இல்லை, கையாலேயே ஒதுக்கினார்கள். அவனை முதுகில் தட்டி உள்ளே அனுப்பினார்கள்.

எனக்கு அப்பாவின் கதி வந்தால் ருக்குவை நீங்கள் இருவரும்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். எங்களுக்குப் பிள்ளை இல்லை. இதை அவனிடம் பேசி, அவன் கையால் ஒரு வார்த்தை எழுதச் சொல். ருக்குவுக்கு எதுவும் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

பாலசுப்பிரமணியம்


கேம்பல் பே
20-2-1973

மரியாதைக்குரிய அத்தானுக்கு,

ஜெயமணி எழுதுகிறேன். நாங்கள் சுகமாக இருக்கிறோம். உங்கள் கடிதம் கிடைத்தது. அக்காவைப் பற்றி நீங்கள் கவலைப்படவே வேண்டாம். அக்கா என் கூடப் பிறக்காத குறை, அவ்வளவுதான்.

அவருக்கு இங்கே வேலை அதிகம். வெட்டின காடு மறுபடி முளைக்கிறது. தென்னங்கன்றைப் பன்றி தோண்டிப் போடுகிறது. விடிந்தால் நிலத்துக்குப் போகிறவர் இருட்டும்போதுதான் வருகிறார், அதனால்தான் எழுதவில்லை. வேறு ஒன்றுமில்லை.

உங்கள் கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன். சிரித்தார். "எங்கண்ணனுக்கு ஒண்ணும் வராது, அவன் மண்டை கருங்கல்லு" என்றார். சாப்பிட்டு எழுந்து வந்து, "யார் கடுதாசி அது?" என்று கேட்டார். மறுபடி வாசித்தேன். முன்னால் சிரித்த அதே இடத்தில் சிரித்து, அதே கருங்கல்லைச் சொன்னார். வெயிலில் நின்ற அசதியாக இருக்கும்.

அத்தான், உங்கள் அப்பாவுக்கு முதன்முதலில் எப்படித் தொடங்கியது? பேர் மறந்ததா, வழி மறந்ததா? கோபம் வந்ததா? அக்காவுக்கு உதவுமே என்றுதான் கேட்கிறேன்.

ஜெயமணி


ஹாடோ, போர்ட் பிளேர்
5-3-1973

அன்புள்ள ஜெயமணிக்கு,

உன் கடிதம் மனசுக்கு ஆறுதலாக இருந்தது. ஆனால் அவன் கையெழுத்தில் ஒரு எழுத்துகூட இல்லையே. பன்றி தென்னங்கன்றைத் தோண்டுகிற கதை யாருக்கு வேண்டும்? பன்றியைச் சுடத் தெரிந்தவனுக்குப் பேனா பிடிக்கத் தெரியாதா?

அப்பாவுக்கு எப்படித் தொடங்கியது என்று கேட்டாய். முதலில் கேட்டதையே கேட்டார். பிறகு சட்டையை உள்பக்கம் வெளியே வருகிற மாதிரி போட்டுக்கொண்டு, எடுத்துச் சொன்னால் அடிக்க வந்தார். செத்துப்போன ஆட்களுக்குச் சோறு எடுத்து வைக்கச் சொன்னார். அம்மாவைப் பார்த்து, "நீங்க எந்த ஊரு?" என்று மரியாதையாகக் கேட்டார். அம்மா அன்றைக்கு அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டது எனக்கு இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது.

நான் காலையில் பல் தேய்க்கும்போது மதுரையிலிருந்து திருநெல்வேலி வரைக்கும் ரயில்வே ஸ்டேஷன்களை வரிசையாகச் சொல்லிப் பார்க்கிறேன். நேற்று சாத்தூர் விட்டுப்போயிற்று. விருதுநகரிலிருந்து நேரே கோவில்பட்டிக்குப் போய்விட்டேன். அரைமணி நேரம் கழித்து அலுவலக வாசலில் நினைவு வந்து, "சாத்தூர்!" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். பியூன் திரும்பிப் பார்த்தான்.

இரண்டு வரி போதும். அவனை எழுதச் சொல்.

பாலசுப்பிரமணியம்


கேம்பல் பே
11-4-1973

அத்தானுக்கு,

இனிமேல் மறைக்க முடியாது. அதனால் எழுதுகிறேன்.

உங்கள் கடிதம் வந்த அன்று பேனாவும் தாளும் கொடுத்து அவரை உட்கார வைத்தேன். அடுப்பு வேலையை முடித்துவிட்டு வந்து பார்த்தால் பட்டாள நம்பரும் பதவியும் எழுதியிருந்தார். அதற்குக் கீழே ஒன்றுமில்லை. பேனா மை தாளில் ஊறிக்கொண்டிருந்தது. "எழுதுங்களேன்" என்றேன். என்னை ஏறிட்டுப் பார்த்து, "அண்ணன் பேர் என்ன?" என்று மெதுவாகக் கேட்டார். அவருக்கே அது அவமானமாக இருந்தது அத்தான். அந்த முகத்தை நான் உங்களுக்கு எப்படி எழுதுவேன்?

ஒரு வருஷமாகவே இப்படித்தான். முதலில் சாமான்களை வைத்த இடம் மறந்தார். பிறகு நான் திருடிவிட்டேன் என்றார். விதைநெல்லை அள்ளிக் கோழிக்குப் போட்டார். எல்லாவற்றுக்கும் நான் ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தேன். நீங்கள் அப்பாவைப் பற்றி எழுதினதை வாசித்த பிறகு ஒரு காரணமும் மிச்சமில்லை.

போன வாரம் நிலத்திலிருந்து வீட்டுக்கு வர வேண்டியவர் எதிர்ப்பக்கம் நடந்து காட்டுக்குள் போய்விட்டார். ரோடு ஒன்றுதான், ஒரு பக்கம் கடல். குழந்தைகூட வழி தவறாது. பக்கத்து வீட்டு குர்பச்சன் சிங் தேடிப்போய் ஓடைக் கரையில் பார்த்திருக்கிறார். முதலை வருகிற ஓடை அது. "ஹவல்தார் சாப், கிதர் ஜா ரஹே ஹோ?" என்று, எங்கே போகிறீர்கள் என்று கேட்டதற்கு, "டியூட்டி" என்றாராம்.

கதவைத் தாழ் போட்டால் நாதாங்கியோடு பெயர்த்துவிடுகிறார். கையைப் பிடித்து நிறுத்தினால் என்னையும் சேர்த்து இழுத்துக்கொண்டு நடக்கிறார். நான் அவர் நெஞ்சளவுதானே இருக்கிறேன்? கல்யாணத்தில் எல்லோரும், என்ன உயரம், என்ன கம்பீரம் என்றார்கள். அந்த உயரத்தை இப்போது நான் ஒருத்தி எதைக் கொண்டு கட்டி நிறுத்துவேன்?

இங்கே கம்பவுண்டர் சத்து மாத்திரை கொடுக்கிறார். மகளுக்கு எழுதலாம் என்றால் கோயம்புத்தூரில் நிறைமாதமாக இருக்கிறாள். உங்கள் டாக்டரிடம் கேட்டு எழுதுங்கள், உயரமானவர்களுக்கும் இது வருமா?

ஜெயமணி


ஹாடோ, போர்ட் பிளேர்
26-4-1973

ஜெயமணிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீ எதையோ பார்த்து எதையோ நினைத்துப் பயந்துபோயிருக்கிறாய். அவனுக்கு வந்திருப்பது மலேரியாவாகத்தான் இருக்கும். மலேரியா தலைக்கு ஏறினால் பட்டாளத்துக்காரர்கள் இப்படி உளறுவதை நான் கேட்டிருக்கிறேன். மலேரியாவுக்குக் கொடுக்கிற கொய்னா மாத்திரை கொடுக்கச் சொல். அப்பாவின் உடம்பு எனக்கு வந்தது. அவனுக்கு வந்தது மாமன் உடம்பு. பட்டினி கிடந்தது நான். அது வருவதாக இருந்தால் எனக்கு வர வேண்டும். அவனுக்கு எப்படி வரும்? நான் எழுதினதை வாசித்துவிட்டு நீயாகவே ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறாய். இனிமேல் இப்படி எழுதாதே.

28-4

முன்பக்கத்தில் எழுதியதைத் தபாலில் போடவில்லை. போடாமல் டாக்டரிடம் போனேன்.

உன் கடிதத்தை முழுசாக வாசித்துக் காட்டினேன். "நான் சொன்னதை நீங்க தப்பா எடுத்துக்கிட்டீங்க. ஆயிரம் பேரைக் கூட்டி வச்சுப் பார்த்தா, குள்ளமானவங்கள்ல இது கொஞ்சம் கூட இருக்கலாம், அவ்வளவுதான். யாருக்கு வரும், யாருக்கு வராதுன்னு ஒரு ஆளோட உயரத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. உங்க அப்பாவுக்கு எதனால வந்துச்சோ, உங்க தம்பிக்கு எதனால வந்துச்சோ" என்றார். கூட்டி வந்து காட்டச் சொன்னார். மருந்து உண்டா என்றேன். கூட்டி வாங்க என்று மட்டும் மறுபடி சொன்னார்.

அடுத்த கப்பலில் இரண்டு பேரும் வந்துவிடுங்கள். ருக்குவிடம் சொல்லிவிட்டேன். அவளுக்கு என்னைப் பற்றி எல்லாம் முதலிலேயே தெரிந்திருக்கிறது. குளியலறையில் ஸ்டேஷன் பேர் சொல்வதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாளாம்.

முன்பக்கத்தைக் கிழித்துவிட நினைத்தேன். தாள் கிடைப்பது கஷ்டம், பின்பக்கத்தில் இதை எழுதிவிட்டேன். மன்னித்துக்கொள் அம்மா.

பாலசுப்பிரமணியம்


கேம்பல் பே, ஆஸ்பத்திரி
30-5-1973

அத்தானுக்கு,

முன்பக்கத்தையும் வாசித்தேன், பின்பக்கத்தையும் வாசித்தேன். அவருக்கு வரக்கூடாது என்று நீங்கள் நினைத்ததில் தப்பில்லை. ஆனால் நானாக ஒப்பிட்டுக்கொண்டேன் என்று எழுதினீர்களே, அது வலித்தது. இங்கே தமிழ் பேசுகிறவர்கள் நாலைந்து வீடுதான். மனசுவிட்டுச் சொல்ல எனக்கு இருந்தது நீங்கள் ஒருவர்தான்.

நான் ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். பயப்பட வேண்டாம். இடது கை மணிக்கட்டு முறிந்திருக்கிறது, காய்ச்சலும் சேர்ந்துகொண்டது. அவர் பெட்டியைத் திறந்து துணிகளை வெளியே வீசிக்கொண்டிருந்தார். எடுத்து அடுக்கப் போனேன். பட்டாளத்துப் பாரக்குக்குள் திருட வந்தவள் என்று நினைத்தாரோ என்னவோ, ஒரே தள்ளு. அம்மியின் மேல் விழுந்தேன்.

அவர் தள்ளினதை அழாமல் எழுதிவிட்டேன். பிறகு நடந்ததுதான் எழுத முடியவில்லை. நான் கையைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறேன். பக்கத்தில் வந்து குனிந்து உட்கார்ந்து என் தலையைத் தடவினார். "யாரு உன்னைய அடிச்சது? ஆளை மட்டும் காட்டு. நான் பாத்துக்கிடுதேன்" என்றார். குர்பச்சன் சிங்கும் அவர் வீட்டுக்காரியும் ஓடிவருகிற வரைக்கும் என்னை விட்டு நகரவில்லை. யாரும் என்னைத் தொடக்கூடாது என்று அவர்களையும் கிட்ட விடவில்லை.

மழை பிடித்துவிட்டது. கப்பல் நாளைக்குக் கிளம்புகிறது, அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியவில்லை. காய்ச்சலோடு என்னை ஏற்றக் கம்பவுண்டர் ஒத்துக்கொள்ளவில்லை. குர்பச்சன் சிங் ஊர் வேலையாகப் பஞ்சாப் போகிறார், அவரோடு அனுப்புகிறேன். "பாபிஜி, சமுந்தர் கராப் ஹை. கடல் மோசமா இருந்து இவர் எழுந்து நடந்தா, கட்டி வைக்க வேண்டி வரும். கட்டலாமா?" என்று கேட்டார். கேட்கும்போது குர்பச்சன் சிங்கின் கண் கலங்கியிருந்தது. நான் சரி என்று தலையாட்டினேன். கேட்கிறதற்கு வேறு யாரும் இல்லையே, நான்தானே சொல்ல வேண்டும்?

கீரை பிடிக்காது. சாப்பிடும்போது பின்னால் யாரும் நிற்கக்கூடாது. ஷேவ் பண்ணாவிட்டால் எரிச்சலாகிவிடுவார். அவர் உங்களைத் தேடுகிறார், அது ஒன்றுதான் தைரியம். இரண்டு நாளாக, "அண்ணன்கிட்டயா போறோம், அண்ணன்கிட்டயா போறோம்?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

ஜெயமணி


ஹாடோ, போர்ட் பிளேர்
24-6-1973

அன்புள்ள ஜெயமணிக்கு,

தம்பி வந்து சேர்ந்தான். உடம்பில் காயம் எதுவும் இல்லை. கட்ட வேண்டி வரவில்லை என்று குர்பச்சன் சிங் உன்னிடம் முதலில் சொல்லச் சொன்னார். வழியெல்லாம் அவன் கையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாராம்.

கப்பல் வந்து நிற்கிற ஜெட்டியில் அவனைத் தேடவே வேண்டியிருக்கவில்லை. எல்லாத் தலைகளுக்கும் மேலே அவன் தலை வந்தது. ஷேவ் செய்து, சட்டைப் பொத்தான் கழுத்து வரைக்கும் போட்டு, ராஜா மாதிரி இறங்கினான். பார்த்ததும் எனக்கு, ஒன்றுமில்லை, ஜெயமணி பயந்துவிட்டாள் என்றுதான் மறுபடி தோன்றிற்று. கிட்டே போய், "தம்பி" என்றேன். குனிந்து என்னைப் பார்த்து அட்டென்ஷனில் நின்றான்.

"சார், எங்கண்ணன் வந்திருக்கானா?"

"நான்தாம்லே அண்ணன்" என்றேன்.

அவன் சிரித்தான். கிண்டலாக இல்லை, மரியாதையாகத்தான். "நீங்க இல்ல சார். எங்கண்ணன் நல்ல உசரம். கைய நீட்டுனா கூரைய தொட்டுருவான்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. வண்டியில் வரும்போதுதான் விளங்கிற்று. மாமன் வீட்டுக்குப் போகுமுன் அவன் சின்னப் பிள்ளை, நான் அவனைவிட ஐந்து வயசு மூத்தவன். அப்போது அவன் என்னை அண்ணாந்துதான் பார்த்திருப்பான். இந்த உலகத்தில் என்னை யாராவது உயரமான ஆள் என்று நினைத்ததுண்டு என்றால் அது அவன் ஒருவன்தான் ஜெயமணி. அதை நான் ஐம்பத்தேழு வயசில் தெரிந்துகொள்கிறேன், அதுவும் அவன் என்னை அண்ணன் இல்லை என்று சொன்ன பிறகு.

டாக்டரிடம் மூன்று தரம் கூட்டிப் போனேன். அவர் நல்ல மனுஷன். தூங்குவதற்கு மாத்திரை கொடுத்தார். நோய்க்கு மருந்து இல்லை என்று இந்தத் தடவை வாய்விட்டே சொன்னார். எதனால் வந்தது என்று அவருக்கும் தெரியவில்லை. பிறகு என்னையும் உட்கார வைத்து ஏதேதோ கேட்டார், படம் வரையச் சொன்னார். "உங்களுக்கு ஒண்ணும் இல்ல சார், வயசுக்கு ஏத்த மறதிதான்" என்றார். எனக்கு ஒரு நிமிஷம் சந்தோஷமாக இருந்தது. வெளியே பெஞ்சில் அவன் கால் நீட்டி உட்கார்ந்திருந்தான், அந்தக் கால்களைத் தாண்டித்தான் எல்லோரும் போய்க்கொண்டிருந்தார்கள். அந்த சந்தோஷத்தோடு அவன் முன்னால் போய் நிற்கக் கூசிற்று.

அவனை வைத்துக்கொள்வது எங்கள் இரண்டு பேர் பலத்துக்கு மீறியது, மறைத்து என்ன? கட்டிலில் கால் கணுக்காலோடு வெளியே தொங்குகிறது. குளிப்பாட்ட நான் முக்காலி மேல் ஏற வேண்டியிருக்கிறது. ஒருநாள் ருக்கு அவன் கீழே விழாமல் பிடிக்கப் போய் இரண்டு பேரும் விழுந்தார்கள். அடியில்லை. சாயங்காலமானால் அவனுக்குப் பரபரப்பு வந்துவிடுகிறது. அண்ணன் வருகிற நேரம் என்று வாசல் கேட்டுக்குப் போய் நின்றுகொள்கிறான். உள்ளே இழுத்தால் மல்லுக்கு நிற்கிறான். அதனால் நானும் போய் அவனோடு நிற்கிறேன். "வருவானா சார்?" என்கிறான். "வருவான்" என்கிறேன். இருட்டின பிறகு களைத்துப்போய் அவனாகவே உள்ளே வருகிறான்.

உன்னைத் தேடினானா என்று கேட்டு எழுதுவாய். பொய் எழுதலாமா என்று இரண்டு நாளாக யோசித்தேன். தேடவில்லை அம்மா.

பாலசுப்பிரமணியம்


கேம்பல் பே
3-8-1973

அத்தானுக்கு,

உங்கள் கடிதம் ஆள் ஏற்றாத நேவிப் படகில் மழையில் ஊறித்தான் வந்தது, ஆனால் எல்லாம் வாசிக்க முடிந்தது. தேடவில்லை என்று எழுதினதற்குக் கோபம் இல்லை. தேடினார் என்று எழுதியிருந்தால் நம்பியிருப்பேன், அங்கே வந்து பார்த்து உடைந்து விழுந்திருப்பேன்.

கட்டு அவிழ்த்துவிட்டார்கள். விரல் மடங்குகிறது, பாரம் தூக்க முடியவில்லை. காய்ச்சல் போய்விட்டது. கப்பல் இரண்டு தடவை வரும் வரும் என்று சொல்லி வரவில்லை. இப்போது நான்கௌரித் தீவைத் தாண்டிவிட்டதாக வயர்லெஸ்ஸில் சொல்லியிருக்கிறார்கள். நாளை மறுநாள் ஏறிவிடுவேன், இந்தக் கடிதம் இன்றே அந்த நேவிப் படகில் எனக்கு முன்னால் வருகிறது.

நிலத்தை என்ன செய்வது என்று கேட்கிறார்கள். எனக்குத் தெரியவில்லை. கன்று பாதி நிற்கிறது, பாதியில் காடு ஏறிவிட்டது. கோழிகளை குர்பச்சன் சிங் வீட்டுக்காரியிடம் விட்டிருக்கிறேன். அவள் இரண்டு நாளாக என்னோடுதான் படுத்துக்கொள்கிறாள். அவள் பேசுகிற பஞ்சாபி எனக்குப் பாதிதான் புரியும், ஆனாலும் பேசிக்கொண்டே இருக்கிறாள்.

மகளுக்கு ஆண் குழந்தை. நல்ல நீளமான குழந்தை, தாத்தாவைப் போலவே வருவான் என்று சந்தோஷமாக எழுதியிருக்கிறாள். அப்பாவைப் பற்றி அவளுக்கு இன்னும் முழுசாகத் தெரியாது. பதில் எழுத உட்கார்ந்தேன், ஆரம்பிக்கவே முடியவில்லை. நீங்கள் சொல்லிக் கொடுங்கள், வந்து எழுதுகிறேன்.

அத்தான், ஜெட்டிக்கு அவரைக் கூட்டி வர வேண்டாம். கூட்டத்தில் வைத்து என்னை யார் என்று கேட்டால் என்னால் நிற்க முடியாது. வீட்டிலேயே இருக்கட்டும். சாயங்காலம் அவர் கேட்டில் நிற்கிற நேரத்துக்கு நான் வருகிறேன். என்னை யார் என்று நினைக்கிறாரோ, அவளாகவே இருந்துவிடுகிறேன். நீங்களும் அக்காவும் திருத்திச் சொல்ல வேண்டாம்.

வந்து நான் என்ன செய்யப் போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. இந்தக் கையை வைத்துக்கொண்டு உங்களுக்கு இன்னொரு பாரமாகத்தான் இருப்பேன். ஆனாலும் வருகிறேன்.

ஜெயமணி